பரீட்சை எழுதாம பிளஸ் டூ முடிச்ச 2021 பேட்ச்... பட்டாசு ஊர்ல அந்த மார்க்குக்குப் பின்னால ஒரு கதை இருக்கு!

நீங்க 2021-ல பிளஸ் டூ முடிச்சவரா? அப்போ, ``ஓ... கொரோனா பேட்ச்சா? ஆல் பாஸா?'' என்ற கேள்வியைக் குறைஞ்சது நூறு தடவையாவது கேட்டிருப்பீங்க. சிரிச்சுக்கிட்டே ``ஆமா ப்ரோ'' என்று தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பீங்க. இப்போ காலேஜையும் முடிச்சு வேலை, மேல்படிப்பு என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும் அந்த பேட்ச், பள்ளி நாள்களைத் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்?

தமிழ்நாடு முழுக்க 8 லட்சம் பேருக்கு மேல் இந்தக் கதை ஒன்றுதான். ஆனால் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் பக்கம் போய்ப் பார்த்தால், அதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. (தென்காசி ஆலங்குளம் இல்லைங்க. இது அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். சுற்றிலும் பட்டாசு ஆலைகள்.)

முதல்ல, என்னதான் நடந்துச்சு?

கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுவோம். இந்த பேட்ச் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியது 2019 மார்ச்சில். பழைய பாடப்புத்தகத்தில் பத்தாவது எழுதிய கடைசி பேட்ச் இவங்கதான். பிளஸ் ஒன்னுக்குப் போனதும் புத்தம் புது சிலபஸ், தடிமனான புத்தகங்கள்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்க்கொண்டிருக்கும்போதே ஊரடங்கு. 2020 மார்ச் 26-ல் நடக்க வேண்டிய வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் தேர்வுகள் நடக்கவேயில்லை. ஜூனில் அவற்றை ரத்து செய்தார்கள்.

அடுத்து பிளஸ் டூ. பாதி வருஷத்துக்கு மேல் செல்போன், லேப்டாப், கல்வித் தொலைக்காட்சி என்றே ஓடியது. 2021 ஜனவரி 19-ல்தான் பள்ளிக் கதவு திறந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து மூன்று மாதம். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு இரண்டாவது அலை. ஜூன் 5-ம் தேதி, `பொதுத்தேர்வு ரத்து' என்று அரசு அறிவித்தது. ஜூலை 19-ல் ரிசல்ட்.

சட்டையில் இங்க் அடிக்கவில்லை. ஃபேர்வெல் இல்லை. ஸ்லாம் புக்கில் கையெழுத்து இல்லை. `நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டு வந்த பல பேர் அதற்கப்புறம் சந்திக்கவேயில்லை.

மார்க் எப்படிப் போட்டாங்க?

`சும்மா தூக்கிப் போட்டாங்க' என்று கிண்டல் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவிகிதம். பிளஸ் ஒன் எழுத்துத்தேர்வுக்கு 20 சதவிகிதம். பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 சதவிகிதம்.

ஓர் உதாரணம். பத்தாவதில் உங்க டாப் மூன்று பாடங்களின் சராசரி 90. அதில் பாதி 45. பிளஸ் ஒன் எழுத்துத்தேர்வில் 70 சதவிகிதம் என்றால் 14. அக மதிப்பீட்டில் முழுசாக 30. மொத்தம் 89. இதே ஆளுக்குப் பத்தாவது சராசரி 60 ஆக இருந்திருந்தால்? மொத்தம் 74-தான். பிளஸ் டூவில் விழுந்து விழுந்து படித்திருந்தாலும் அந்த 15 மார்க் திரும்ப வராது. மார்க்கில் திருப்தி இல்லாதவர்கள் ஆகஸ்ட்டில் தேர்வு எழுதலாம் என்றார்கள். ஆனால் அதற்குள் காலேஜ் அட்மிஷன் பரபரப்பு ஆரம்பித்துவிட்டது.

ஆக, பிளஸ் டூ மார்க்கில் சரிபாதியைத் தீர்மானித்தது 15 வயதில் எழுதிய ஒரு பரீட்சை!

பட்டாசு ஊருக்கு மட்டும் ஏன் இது வேற கதை?

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பு சொன்னது. பேரியம் ரசாயனத்துக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி. `இதை வெச்சுக்கிட்டு எப்படி உற்பத்தி பண்றது?' என்று நவம்பரில் சிவகாசி வட்டார ஆலைகளை உரிமையாளர்கள் மூடினார்கள். மாதக்கணக்கில் பூட்டு. ஊர்க்காரங்க பாஷையில் சொன்னால், `பயராபீஸ்' இல்லை, வாரச் சம்பளமும் இல்லை. தொழிலாளர்கள் குடும்பத்தோடு தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

அந்த மாதங்களில் இந்த பேட்ச் எந்த வகுப்பு? பத்தாவது! அரையாண்டு, ரிவிஷன், பொதுத்தேர்வு எல்லாம் அதே நேரத்தில்தான்.

வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை இல்லாத மாதங்களில் படித்து எழுதிய அந்தப் பரீட்சைதான், இரண்டு வருஷம் கழித்து பிளஸ் டூ மார்க்கில் பாதியாக வந்து உட்கார்ந்தது. ஃபார்முலா எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை.

அதோடு முடியவில்லை. பள்ளி திறந்து ஒரு மாதம்கூட ஆகாத 2021 பிப்ரவரி 12-ல், சாத்தூர் அருகே அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது டிவி செய்தி மட்டும் இல்லை. தெரிந்த பஸ் ரூட், தெரிந்த வேலை. சாயங்காலம் அம்மா வீடு திரும்புகிற வரைக்கும் புத்தகத்தில் கண் எப்படி நிற்கும்?

கைக்குக் கிடைச்சது என்ன?

இழந்ததை மட்டும் எண்ணினால் கணக்கு பாதிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இருந்த 7.5 சதவிகித ஒதுக்கீடு, 2021-ல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. படிப்புக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அதை முதலில் பயன்படுத்திய பிளஸ் டூ பேட்ச் இவங்கதான். அடுத்த வருஷம் வந்த புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் காலேஜ் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது.

இன்னொன்றும் உண்டு. 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை வெடிபொருள் வேலையில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். 18 ஆனால் ஆலைக் கதவு திறந்துவிடும். பிளஸ் டூ முடிக்கும் வயசும் அதேதான். அதனால் இங்கே பள்ளியின் கடைசி நாள் என்பது வெறும் டாட்டா பை பை இல்லை. `காலேஜா, பயராபீஸா' என்று வீடு முடிவெடுக்கும் நாள்.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

முதலில், அந்த மார்க்‌ஷீட்டை நினைத்துக் கூச வேண்டாம். அது முழுசாகச் செல்லும். அதற்கு எக்ஸ்பைரி டேட்டும் கிடையாது. அப்போது படிப்பை விட்ட நண்பர் இருந்தால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி தொலைநிலைக் கல்வி வழி இன்றும் திறந்திருக்கிறது என்று சொல்லுங்க. ஐ.டி.ஐ-யும் ஒரு வழிதான்.

இரண்டாவது, நடக்காத ஃபேர்வெல்லை இப்போ நடத்துங்க. ஹால் எடுக்க வேண்டாம். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு மணி நேரம் போதும்.

போவதற்கு முன்னால் பழைய வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. ஆன்லைன் கிளாஸுக்காக அப்பா நம்பரில் சேர்ந்த ஒருத்தர், நாலு வருஷமாக ஒரு மெசேஜும் போடாமல் அதில் இருப்பார். முதல் போனை அவருக்குப் போடுங்க. எடுப்பது அப்பாவாக இருந்தால், ``அவன் இருக்கானா அங்கிள்?'' என்று கேளுங்க. ஸ்கூல் டைம்ல கேட்ட அதே மாதிரி!