கள்ளிச்செடிக்கு மண் செங்கல் சூளையில் கிடைக்கும்

மீஞ்சூர் வெயில் தொட்டிக் கள்ளிச்செடியை ஒன்றும் செய்வதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும்தான் அதைக் கொல்கின்றன. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும் கடலோரம் இது. அடைமழை ஓய்ந்த பிறகு செடியைத் தொட்டுப் பாருங்கள். மேலே பச்சை அப்படியே இருக்கும். அடித்தண்டு கொழகொழவென்று விரலோடு வரும். வேர் அதற்கு முன்பே அழுகிவிட்டது.

அதே மழையில், வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. தொட்டிக் கள்ளியைப் போலவே அதன் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சிக்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளிக்கு நம் மண் ஒத்துவந்தது.

பிறகு தொட்டியில் மட்டும் ஏன் சாகிறது? தரையில் பெய்த மழையை அடிமண் கீழே இழுத்துக்கொள்ளும். தொட்டியில் அந்த அடிமண் இல்லை. பொடி மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரை விடாமல் பிடித்துக்கொள்வதால், துளை இருந்தும் அடியில் ஈரம் தேங்குகிறது. அடியில் ஜல்லி பரப்பினால் வடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. தேங்கும் ஈரம் ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்கிவிடும். கலவை முழுவதுமே பருமனாக இருப்பதுதான் வழி.

கடையில் விற்கும் கள்ளி மண் பொட்டலங்களில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள்தான் நிறைந்திருக்கிறது. அது மழையில் நாள்கணக்கில் ஈரம் காக்கும். நீரை வடியவிடும் பெர்லைட் நல்ல பொருள். விலைதான் கை சுடும். அந்த வேலையைச் செய்ய நம்மிடம் செங்கல் இருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் உடைந்த கற்களுக்குப் பஞ்சமில்லை. துண்டு ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் கரைந்து சேறானால் வேகாத கல், வேண்டாம். சிமென்ட் ஒட்டிய இடிபாட்டுக் கல்லும் வேண்டாம். அதன் சுண்ணாம்பு, சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் கள்ளிக்கு ஆகாது. நன்றாக வெந்த கல்லை உடைத்துச் சலித்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான துண்டுகளை எடுத்துக்கொண்டு தூளை ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் உரத்தைவிடச் சல்லடைதான் முக்கியம்.

செங்கல் துண்டு 4 பங்கு, கழுவிய பருமணல் 3 பங்கு, செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், கருக்கிய உமி தலா ஒரு பங்கு, கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். உமிக்குச் செங்குன்றம் அரிசி ஆலைகள் இருக்கின்றன. வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிக்காமல் கருப்பாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். எம்-சாண்ட் என்றால் மாவு போகும்வரை அலசுங்கள். கடல் மணலைத் தொடவே வேண்டாம். அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அதில் கன உலோகங்கள் உண்டு. கலந்ததை ஈரமாக்கி ஒரு பிடி அழுத்திவிட்டுக் கையை விரியுங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள்.

மண்ணைச் சரிசெய்துவிட்டுத் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பல்லாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பகுதிக்குள் கடல்நீர் புகுந்தது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. ஊர்க் கிணறுகளோ உவர்த்துப் போயின. இது என்னை ஆறாமல் வருத்தும் விஷயம். உப்பு போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூக்கும். உள்ளே வேர்நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் போதும். ஆர்.ஓ. கழிவுநீர் கூடவே கூடாது.

தொட்டி மாற்றத் தை, மாசி தோதான காலம். பழைய மண்ணை உதறி, அழுகிய வேரை நறுக்கி, நிழலில் சில நாள் காயவிட்டு நடுங்கள். நட்டதும் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுங்கள், வேர்க் காயம் ஆறட்டும். நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாக விற்கும் ஒட்டுக் கள்ளிக்கு மட்டும் தொழு உரம் ஒரு பங்கு கூடுதலாகலாம். அதன் கீழ்த்தண்டு டிராகன் பழக் கொடியின் இனம். மற்ற கள்ளிகளைவிடக் கொஞ்சம் ஈரம் கேட்கும்.