உயரம் தரும் வேகம்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா வரும். இந்த ஆற்றின் நீரைக் குழாய்கள் வழியே 900 மீட்டருக்கும் கீழே பாயவிட்டு, 1932-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஏரியில் அமைதியாகக் கிடக்கும் நீருக்குச் சக்கரத்தைச் சுழற்றும் வலிமை எங்கிருந்து வந்தது? உயர வேறுபாட்டிலிருந்து! இரு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் நீர் பாயாது அல்லவா?

பள்ளியிலும் இத்தகைய உயர வேறுபாடு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

சண்டையா, சீண்டலா?

பைக்காரா பக்கத்துப் பள்ளி ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். அவனுடைய தாத்தா, பாட்டி 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள். நான்கு பேர் அவனைத் தினமும் 'சிலோன்காரன்' என்று அழைக்கிறார்கள். அவன் பேசுவதைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள். பையை ஒளித்து வைக்கிறார்கள். வகுப்பே சிரிக்கிறது. "சும்மா விளையாட்டு சார்!" என்கிறார்கள்.

இது விளையாட்டா? நார்வே நாட்டில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றும் சேர்ந்தால் அது சீண்டல். சமமான இருவர் ஒருநாள் முட்டிக்கொள்வது சண்டை. வலிமை என்பது உடல்வலிமை மட்டுமன்று. ஆள்பலம், பணம், சாதி, மொழி எல்லாமே ஒருவரை மேலேயும் மற்றவரைக் கீழேயும் நிறுத்திவிடும்.

இதனால்தான் இருவரையும் ஒன்றாக அழைத்து, "கைகுலுக்கிக் கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்வது பலன் தருவதில்லை. மேலே நிற்பவன் சிரித்துக்கொண்டே கை கொடுப்பான். மறுநாள் மறைவாகத் தொடர்வான்.

பார்ப்பவர்களின் பங்கு

கனடா நாட்டு ஆய்வாளர்கள் பள்ளி மைதானங்களில் நடப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது சம்பவங்களில் வேறு பிள்ளைகளும் அருகில் இருந்தனர். ஆனால் ஐந்தில் ஒன்றில்கூட யாரும் தடுக்கவில்லை. தடுத்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? பாதிக்கும் மேற்பட்ட தடவை சீண்டல் பத்தே விநாடிகளில் நின்றுவிட்டது! சிரிக்கும் கூட்டம்தான் சீண்டுபவனை உயரத்தில் ஏற்றி வைக்கிறது. அது விலகினால் அவன் தரைக்கு வந்துவிடுகிறான்.

ஆசிரியர் என்ன செய்யலாம்?

1983-இல் நார்வேயில் பெர்கன் நகரின் 42 பள்ளிகளில், ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஓல்வேயுஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இடைவேளையில் ஆசிரியர் கண்காணித்தனர். வகுப்பே கூடிப் பேசி விதிகளை வகுத்தது. சம்பந்தப்பட்டவர்களிடமும் பெற்றோரிடமும் ஆசிரியர் தனித்தனியே பேசினர். இரண்டு ஆண்டுகளில் சீண்டல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

பிரம்பு இதற்கு மருந்தாகாது. வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தையே அது மீண்டும் கற்பிக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது.

நம் மாநிலத்திலும் இது வெறும் கேலியோடு நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். தாக்கியவர்கள் அவருடைய பள்ளியில் படித்தவர்கள். இதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது. மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றது. இவையெல்லாம் உயர வேறுபாட்டைக் குறைக்கும் வழிகளே.

நீங்கள்?

சீண்டுபவனோடு நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள். "வா, சாப்பிடப் போகலாம்" என்று அந்தத் தோழனை அழைத்துக்கொண்டு நகருங்கள். நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது. அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 14417, 1098 ஆகிய இலவசத் தொலைபேசி எண்களிலும் பேசலாம். நாளை இடைவேளையில் உங்கள் வகுப்பில் யார் தனியே நிற்கிறார் என்று கவனியுங்கள். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.