உறைந்தும் உயிர்க்கும் ஈரல் அணுக்கள்

எலிக்குத் தீங்கிழைக்காத மருந்து மனிதனின் கல்லீரலைக் கெடுத்துவிடலாம். ஆகவே மனித ஈரல் அணுக்களிலேயே புது மருந்தைச் சோதிக்கின்றனர். ஆய்வுக்கலத்தில் அவை எளிதிற் பெருகா. சில நாட்களில் தம் தொழிலையும் இழக்கும். மாற்று அறுவைக்கு உதவாத தான ஈரல்களே பெரும்பாலும் அவற்றின் ஊற்று. எனவே சேமித்தல் இன்றியமையாதது.

பிரேசர் டவுன் இறைச்சிக் கடையிலும் ஈரல் உறைகிறது. ஆனால் பனிப்படிகம் அணுவைச் சிதைத்துவிடும். டைமெத்தில் சல்பாக்சைடு அக்கேட்டைத் தடுக்குமென 1959இல் லவ்லாக்கும் பிஷப்பும் காட்டினர். அதனைக் கலந்து, நிமிடத்திற்குச் சுமார் 1 பாகை வீதம் குளிர்வித்து, –196 பாகைத் திரவ நைட்ரஜனில் வைப்பர். வேண்டும்போது 37 பாகை நீரில் விரைந்து உருக்குவர். அப்போதும் மடிவன பல.

நம் பெங்களூரில் பாண்டோரம் நிறுவனம் 2015இல் மனித அணுக்களால் ஈரல் திசுவை அச்சிட்டது. நண்பர்களே, ஒருவர் ஈந்த ஈரல் வீணாகாமற் காக்கும் ஆய்வில் நம்மவரும் ஈடுபட வேண்டுமன்றோ!