அசையாத வீதத்தை நம்பாதீர்கள்

இலங்கை ரூபாவுக்கும் அமெரிக்க டொலருக்கும் இடையிலான பழைய நாணயமாற்று வீதங்களை எடுத்துப் பார்ப்பவர்களின் கண் முதலில் 2022இல்தான் போய் நிற்கும். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா. மே நடுப்பகுதியில் 360. இரண்டே மாதத்தில் இவ்வளவு ஏற்றம் யாரையும் திடுக்கிட வைக்கும். ஆனால் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது அதற்கு முந்திய ஆறு மாதங்களுக்கு. 2021 செப்டம்பர் தொடக்கம் 2022 மார்ச் வரை வீதம் 200க்கும் 203க்கும் இடையில் அசையாமல் நின்றது. நெருக்கடி முற்றியது அந்த அமைதியில்தான்.

நாணயமாற்று வீதம் தானாக அசையாமல் நிற்பதில்லை. நாட்டுக்குள் வரும் டொலரைவிட வெளியே போகும் டொலர் அதிகமானால் ரூபாவின் மதிப்பு இறங்கத்தான் செய்யும். இறங்கவிடாமல் பிடிக்க மத்திய வங்கி தன் கையிருப்பு டொலரை விற்க வேண்டும், அல்லது வங்கிகள் விற்கும் விலைக்கு உச்சவரம்பு போட வேண்டும். இலங்கையில் இரண்டும் நடந்தன. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு, 2021 முடிவில் 3.1 பில்லியனாகச் சுருங்கியது. அதிலும் ஏறக்குறைய பாதி, நிபந்தனைகளோடு கிடைத்த சீன நாணயப் பரிமாற்ற வசதி. இந்த நிலையிலும் 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறிக் கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதே நாட்களில் வங்கிகளின் வீதப் பட்டியலில் எந்தப் பதற்றமும் தெரியவில்லை.

உண்மை விலையைக் காட்டியது, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல் முறை. கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு 500 டொலர் அனுப்ப நினைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு ஏறத்தாழ 203 ரூபா. மத்திய வங்கி அறிவித்த 10 ரூபா ஊக்கத்தொகையையும் சேர்த்தால் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 1,06,500 ரூபா. உண்டியலில் டொலர் 240 ரூபா அளவுக்குப் போனது. அதே பணத்துக்கு 1,20,000 ரூபா. அவர் அங்கே ரியாலைக் கொடுத்தால், இங்கே ஒருவர் வீட்டு வாசலுக்கே ரூபாவைக் கொண்டுவந்து தருவார். டொலர் நாட்டுக்குள் வராது. வங்கியில் டொலர் கிடைக்காத இறக்குமதியாளர் அதை வெளிநாட்டிலேயே வாங்கிக்கொள்வார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். பிள்ளைகளுக்காக உழைப்பவர் கூடுதல் விலை கிடைக்கும் இடத்தைத் தேடிப் போனதில் குற்றம் காண முடியாது. அவரை அந்தப் பக்கம் தள்ளியது பிடித்துவைக்கப்பட்ட வீதம்.

ஆகவே அந்த மாதங்களுக்கு எதிரே பதிவாகியிருக்கும் 203 என்ற எண்ணை விலை என்று சொல்வதே தவறு. அந்த விலைக்கு டொலர் கேட்டுப் போனவர்களுக்கு வங்கி கைவிரித்தது. பருப்பும் சீனியும் பால்மாவும் ஏற்றிய கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின.

2022 மார்ச் 7இல் மத்திய வங்கி 230 வரை இடம் கொடுத்தது. அந்த எல்லையும் சில நாட்களில் உடைந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று மே மாதத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஆறு மாதங்களாகச் சேர்ந்த கணக்கை மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் கட்டித் தீர்த்தார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1968 முதல் நாட்டில் டொலருக்கு ஒரே நேரத்தில் இரண்டு உத்தியோகபூர்வ வீதங்கள் இருந்தன. 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கியபோது டொலர் 16 ரூபா அளவில் வந்து நின்றது. 2008இல் 108 ரூபாவைக் காக்கக் கையிருப்பு கரைந்தது. அடுத்த ஆண்டு சர்வதேச நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் கடன். 2011இல் 110ஐக் காக்கப்போய், 8 பில்லியனைத் தாண்டியிருந்த கையிருப்பு ஆண்டு முடிவில் 6 பில்லியனாகக் குறைந்தது. 2012 பெப்ரவரியில் பிடி தளர்ந்ததும் சில மாதங்களில் டொலர் 130ஐக் கடந்தது. 2008இலும் 2011இலும் முன்னால் ஓர் அமைதி, அதன் அடியில் கரையும் கையிருப்பு.

எல்லா அமைதியும் பொய் என்று இதற்குப் பொருளில்லை. 2023 முடிவில் டொலர் சுமார் 324 ரூபா. 2024 முடிவில் சுமார் 293. அந்த ஓராண்டில் கையிருப்பு 4.4 பில்லியனிலிருந்து 6.1 பில்லியனாக உயர்ந்தது. கையிருப்பு கூடும்போது வரும் நிதானம் வேறு. கையிருப்பைத் தின்று நிற்கும் நிதானம் வேறு. மாற்று வீதத்தின் கோட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பிள்ளையை வெளிநாட்டில் படிக்க அனுப்பத் திட்டமிடுபவர்கள் இதை மனதில் இருத்த வேண்டும். 10,000 டொலர் கட்டணம் 203 ரூபா வீதத்தில் 20 லட்சத்து 30 ஆயிரம். 360இல் 36 லட்சம். ரூபாவில் சம்பாதித்து டொலரில் கடனோ கட்டணமோ கட்ட ஒப்புக்கொள்பவர், கடந்த ஆறு மாத வீதத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிடும் கையிருப்புத் தொகையைப் பாருங்கள்; அதில் கடனாக வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிகிறதா, இறக்குமதிக்குப் புதிய தடைகள் வருகின்றனவா என்று கவனியுங்கள். வீதம் நிற்கும்போது கையிருப்பு இறங்கினால், டொலரில் புதிய பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள்; ஏற்றுவிட்டவர்கள் வீதம் உடையும் முன்பே அதைக் குறைக்கும் வழி தேடுங்கள். உடைந்த பிறகு அதற்கு அவகாசம் கிடைக்காது.