பனியில் உறைந்த மாணவனின் பெயரில் வெள்ளிக்கிழமை விருந்து! அமெரிக்கக் கல்லூரிகளில் யூத மாணவர்களைத் தேடிப் போகிறவர்களின் கதை

சுமார் 2,000 வருடங்களுக்கு முன்னால் ஜெருசலேமில் நடந்ததாக யூதர்கள் சொல்லும் கதை இது. ஹில்லெல் என்று ஒரு ஏழைக் கூலித்தொழிலாளி. அன்றாடம் கிடைக்கும் கூலியில் பாதியை வீட்டுக்குக் கொடுப்பார். மீதிப் பாதியைப் பாடசாலை வாயிற்காவலரிடம் கட்டணமாகக் கட்டிவிட்டு, உள்ளே போய்ப் பாடம் கேட்பார். ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை அவருக்கு வேலையே கிடைக்கவில்லை. காவலரும் உள்ளே விடவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கூரைமேல் ஏறி, வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்பில் காதை வைத்துப் படுத்துவிட்டார். இரவெல்லாம் பனி கொட்டியது. விடிந்த பிறகும் வகுப்பு இருட்டாக இருக்கிறதே என்று ஆசிரியர்கள் அண்ணாந்து பார்த்தால், மேலே ஒரு மனித உருவம்! அன்று சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். எந்த வேலையும் செய்யக் கூடாது. ஆனாலும் அவரைக் கீழே இறக்கி, குளிப்பாட்டி, நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பின்னாளில் அந்த ஹில்லெல்தான் யூதர்களின் மிகப்பெரிய ஆசான்களில் ஒருவரானார்.

இன்று அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான கல்லூரி வளாகங்களில் அவர் பெயரில் ஓர் அமைப்பு இயங்குகிறது. கதையில் வந்த மாணவன் உள்ளே போகத் துடித்தான். இப்போது நிலைமை தலைகீழ். கதவு திறந்தே கிடக்கிறது, சாப்பாடும் தயாராக இருக்கிறது. ஆனால், பலர் வருவதில்லை. அவர்களை எப்படி வரவைப்பது என்ற கேள்விக்காகவே சம்பளம் வாங்கி வேலை பார்க்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு கிறிஸ்தவப் பேராசிரியர்!

1920-களின் தொடக்கம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற ஆங்கில இலக்கியப் பேராசிரியர் இருந்தார். பைபிளை இலக்கியமாகப் பாடம் எடுத்தவர். அவர் வகுப்பில் இருந்த யூதப் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த வேதத்தைப் பற்றியே ஒன்றும் தெரியவில்லை என்பது அவரை உறுத்தியது. யூதப் பெரியவர்களிடம் போய், இவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று அவரே வற்புறுத்தினார். பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரபி (யூத மதகுரு) அந்தப் பொறுப்பை ஏற்க, 1923-ல் முதல் ஹில்லெல் பிறந்தது. ஆனால் ஃபிராங்கல் 1927-ல், வெறும் 30 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பின் அமைப்பை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆப்ரம் சாக்கர். 1948-ல் பாஸ்டன் அருகே பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவரும் அவர்தான்.

அன்றைய யூத மாணவர்களில் பலர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்குக் கல்லூரி வாசல் அப்படியொன்றும் அகலமாகத் திறந்திருக்கவில்லை. 1922-ல் ஹார்வர்டின் தலைவர் லோவல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே யோசனை சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதால் அந்த யோசனை அப்படியே நிறைவேறவில்லை. ஆனால், பிற்பாடு 'குணநலன்', 'எந்த ஊர்' என்றெல்லாம் பார்க்கும் சேர்க்கை முறை வந்து, யூத மாணவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அந்தக் காலத்தில் ஹில்லெல் அறை என்பது, ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ஒன்றாக உட்கார ஓர் இடம்.

இப்போது அந்த ஒதுக்கல் இல்லை. கூட்டத்தோடு கலந்துவிட எந்தத் தடையும் இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பியூ ஆய்வு மையம் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், 30 வயதுக்கு உட்பட்ட அமெரிக்க யூதர்களில் பத்துக்கு நான்கு பேர், தாங்கள் யூதர்தான், ஆனால் மதம் என்று எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். கலப்புத் திருமணங்களும் அதிகம். பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக இருக்கும் ஒரு மாணவி, "நான் அங்கே போகலாமா, என்னை யூதர் என்று ஏற்பார்களா" என்ற தயக்கத்தோடுதான் கல்லூரிக்கு வருகிறாள். பிரார்த்தனை தெரியாது, ஹீப்ரு எழுத்து தெரியாது. தெரியாத சடங்கு நடக்கும் இடத்துக்குத் தனியாகப் போவதில் உள்ள கூச்சம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொதுதானே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

பெரிய வளாகங்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் தனித்தனிப் பிரார்த்தனை. ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்கு ஓர் அறை. அங்கே ஆண்களும் பெண்களும் தனித்தனியாக அமர்வார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து பேர் வேண்டும், அந்தப் பத்தும் ஆண்களாக இருக்க வேண்டும். பக்கத்து அறையில் சீர்திருத்தப் பிரிவினர். அங்கே எல்லோரும் கலந்து உட்காரலாம், கிட்டார்கூட இருக்கலாம். கடவுளை ஒரே மாதிரி கும்பிட முடியாதவர்கள், கும்பிட்டு முடித்ததும் ஒரே ஹாலில் சாப்பிட உட்காருவார்கள். மெழுகுவத்தி, திராட்சை ரசம், ஜடை பின்னியது போன்ற ஹல்லா ரொட்டி, சிக்கன் சூப். பிரார்த்தனைக்கு வராமல் நேராகச் சாப்பாட்டுக்கு வருபவர்களும் உண்டு. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு, வீட்டுச் சாப்பாடு எவ்வளவு பெரிய இழுப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதே சூத்திரத்தை இன்னும் நெருக்கமாகப் பிடித்தவர்கள் கபாட் இயக்கத்தினர். நியூயார்க்கின் புரூக்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட பழைமைவாத ஹசிதிக் பிரிவு இது. 1969-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் முதல் வளாக இல்லத்தைத் திறந்தார்கள். ஓர் இளம் ரபியும் அவர் மனைவியும் கல்லூரி அருகே குடியேறி, அங்கேயே குழந்தைகளை வளர்த்து, வாரம்தோறும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மாணவர்களை உட்காரவைப்பார்கள். தாங்கள் கடுமையாக ஆசாரம் பார்ப்பவர்கள். ஆனால், வருகிறவர் ஆசாரம் பார்ப்பவரா என்று பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கும் வராதவர்களை என்ன செய்வது? 1988-ல் ஹில்லெலின் தலைமைக்கு வந்த ரிச்சர்ட் ஜோயல் ரபி அல்ல, வழக்கறிஞர். கட்டடத்துக்குள் வந்து உட்காரும் சிலரை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது போதும், வராதவர்களைத் தேடி வெளியே போவோம் என்ற பாதை அவர் காலத்தில்தான் அழுத்தமாக விழுந்தது. படிப்பை முடித்த இளைஞர்களையே வேலைக்கு வைத்து, ஹாஸ்டலுக்கும் காபி ஷாப்புக்கும் அனுப்பினார்கள். பிற்பாடு மாணவர்களுக்கே சிறு ஊக்கத்தொகை கொடுத்து, அவரவர் நட்பு வட்டத்தில் பேசச் சொன்னார்கள். நோட்டீஸ் ஒட்டுவதை விட ஒரு கப் காபியும் அரை மணி நேரப் பேச்சும் வேலை செய்யும் என்பது கணக்கு. முதல் சந்திப்பில் மதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்பதில் ஆரம்பித்தால் போதும். (காசு கொடுத்து நட்பா என்று எனக்கும் முதலில் நெருடியது.)

கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் 2004-ல் நடந்தது வேறு ரகம். ஒரு மாணவி நண்பர்களோடு சேர்ந்து ஹல்லா சுட ஆரம்பித்தார். ரொட்டியை விற்ற பணம் நிவாரணத்துக்குப் போனது. அது மற்ற கல்லூரிகளுக்கும் பரவி, 'ஹல்லா ஃபார் ஹங்கர்' என்ற இயக்கமே ஆனது. மாவு பிசைய வேதம் தெரிந்திருக்க வேண்டியதில்லையே!

மேஜையில் யாருக்கு இடம்?

1999-ல் தொடங்கிய 'பர்த்ரைட்' திட்டம் யூத இளைஞர்களைப் பத்து நாள் இலவசமாக இஸ்ரேலுக்கு அழைத்துப் போகிறது. லட்சக்கணக்கானோர் போய் வந்துவிட்டார்கள். ஆனால், வளாகங்களில் பெரிய உரசலும் இஸ்ரேல் விஷயத்தில்தான். இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்பவர்களைப் பேச்சாளர்களாக அழைக்கக் கூடாது என்று ஹில்லெல் தலைமை விதி வைத்திருக்கிறது. 2013-ல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் அந்த விதியை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். 2015-ல் ஹில்லெல் என்ற பெயரையே விட்டுவிட்டு, 'கெஹிலா' என்று மாற்றிக்கொண்டார்கள். ஹீப்ருவில் 'சமூகம்' என்று அர்த்தம்.

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதல், அதைத் தொடர்ந்த காஸா போர் ஆகியவற்றுக்குப் பிறகு இந்த விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் பாலஸ்தீன ஆதரவு மாணவர்கள் கூடாரம் போட்டார்கள். அதே வாரம் பாஸ்கா பண்டிகை. நிலைமை சரியாகும்வரை வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று யூத மாணவர்களுக்கு அங்குள்ள ஒரு ரபி செய்தி அனுப்பினார். பயந்து போனவர்களும் இருந்தார்கள். அதே புல்வெளியில், கூடாரங்களுக்கு நடுவே, வேறு சில யூத மாணவர்கள் பாஸ்கா விருந்துக்கு விரிப்பு விரித்து உட்கார்ந்தார்கள். புளிக்காத அப்பம் இருவர் பக்கமும் ஒன்றுதான், எகிப்திலிருந்து முன்னோர் விடுதலையான கதையும் ஒன்றுதான்.

பாஸ்கா விருந்தின் தொடக்கத்தில், பசித்தவர் யாராயினும் வந்து சாப்பிடலாம் என்று அழைப்பது அவர்கள் வழக்கம். அந்த அழைப்பை யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது என்பதில்தான் அந்த வருடம் அவர்கள் பிரிந்து கிடந்தார்கள்.