பிளாஸ்டிக் வஸ்துக்களின் இனபேதம்

பரமத்தி வேலூர்ப் பகுதிக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு பிணைக்க வாழைநார் உபயோகிப்பது நெடுநாள் வழக்கம். அந்நாருக்கு வலுவளிப்பது செல்லுலோஸ் என்னும் வஸ்து. சர்க்கரையின் சிறு கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோற் கோக்கப்பட்டதே அது. இத்தகைய நெடுஞ்சங்கிலிக்கு ரசாயன சாஸ்திரத்தில் பாலிமர் என்று பெயர். செடி செய்யும் இவ்வேலையை ஆலையில் மனிதன் செய்யின் அது செயற்கைப் பாலிமர். ஜனங்கள் பிளாஸ்டிக் என வழங்குவது பெரும்பாலும் இதனையே. நாரை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மக்கச் செய்துவிடும். செயற்கைச் சங்கிலியையோ அவை எளிதில் அறுக்கமாட்டா.

இவற்றின் பெரும்பிரிவுகள் இரண்டும் உஷ்ணத்தால் அறியப்படும். 1907-இல் அமெரிக்காவில் லியோ பேக்லண்ட் என்பவர் கண்ட பேக்லைட் ஒருமுறை இறுகியபின் உருகாது. அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்வதே காரணம். மின்சார ஸ்விட்சுகளுக்கு அது உகந்ததாயிற்று. மற்றப் பிரிவு, வெல்லம்போற் சூட்டில் இளகி, ஆறினால் இறுகும். தோட்டத்திற்கு வரும் பண்டங்கள் அநேகமாக இப்பிரிவினவே.

இதில் முதலாவது பாலிதீன். 1933-இல் இங்கிலாந்தில் தற்செயலாய்க் கிடைத்தது. கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்ததாகும். மூடாக்குத் தாளும் சொட்டுநீர்க் கிளைக்குழாயும் இதனால் ஆனவை. அக்குழாயின் கறுப்பு அழகுக்காக அன்று; வெயிலின் கேட்டைத் தாங்கவே கரிப்பொடி சேர்க்கப்படுகிறது. உரச்சாக்கு பெரும்பாலும் பாலிப்ரொபிலீன். கயிறும் வலையும் பல நைலானால் ஆனவை.

பி.வி.சி. இவற்றினும் வேறானது. இதற்குரிய மூலப்பிசின் மேட்டூரில் 1967-இல் உற்பத்தியாகத் தொடங்கிற்று. இதன் எடையில் பாதிக்குமேல் குளோரின். இக்குழாயை வரப்பின்மேல் வெயிலிற் கிடத்தினால் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். கொழு எட்டாத ஆழத்தில் புதைப்பதே முறை. பசை தடவி இதனை ஒட்டலாம். பாலிதீனில் அப்பசை பிடிக்காது. பசையை வீணே வாங்கி நஷ்டமடைந்தோர் உண்டு.

உடைந்த குழாய்களைக் குவித்துக் கொளுத்துதல் பெருந்தீங்கு. பி.வி.சி. எரிகையில் கண்ணையும் மார்பையும் எரிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும்; டையாக்ஸின் என்னும் விஷமும் உண்டாகும். அவ்விஷம் புல்லிற் படிந்து, மேயும் மாட்டின் பாலிலுள்ள கொழுப்பில் தங்கும். கிராம அதிகாரிகள் இதனைத் தடுத்தல் அவசியம். துண்டுகளை இனம் பிரிக்க ஒரு குடம் தண்ணீர் போதும். பாலிதீனும் பாலிப்ரொபிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். நைலானும் மூழ்குமாதலால், கயிறு வலைகளை முன்னரே விலக்கிவிட்டுப் பிறகு சோதிக்கவேண்டும்.