வரைந்த சில்லும் வந்த சில்லும்

திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்போர் பலர் கையிலும் கைப்பேசி ஒன்று இருக்கும். அதனுள் விரல் நகத்தினும் சிறிய சிலிக்கன் துண்டுகள் சில அமைந்துள்ளன. குறைக்கடத்திப் பொருளால் ஆன அவற்றையே சில்லுகள் என்பர். அவற்றுள் தலைமையான ஒன்றில் மட்டும் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருத்தல் கூடும்.

மன்னார்புரத்திலிருந்து தஞ்சாவூர்ச் சாலை வழியே கிழக்கே சென்றால், துவாக்குடியருகே தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைக் காணலாம். 1964ஆம் ஆண்டில் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றியது அது. அங்கும், நாட்டின் பிற கல்லூரிகளிலும் மின்னணுவியல் பயிலும் இளைஞர் சில்லின் இயல்பை ஏட்டில் கற்கின்றனர். கணிப்பொறித் திரையில் அதனை வரையவும் கற்கின்றனர். ஆயினும், தாம் வரைந்த சில்லைத் தம் கையில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பு நெடுங்காலம் மிகச் சிலருக்கே கிடைத்தது.

சில்லு செய்தல் அத்துணை அரிய தொழிலாகும். வட்டமான சிலிக்கன் தகட்டின்மேல் ஒளியால் மாறும் பூச்சொன்றைப் பரப்புவர். வரைபடம் பொறித்த கண்ணாடித் தகட்டின் ஊடே ஒளியைப் பாய்ச்சுவர். வேண்டாத பகுதியை அரித்தெடுத்து, வேண்டிய இடத்தில் வேற்றணுக்களைப் புகுத்துவர். இவ்வாறே அடுக்கின்மேல் அடுக்காகச் சில்லு உருவாகின்றது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று படிந்தாலும் அவ்விடத்துச் சில்லு கெடும். ஆதலின், பணியாளர் தலைமுதல் கால்வரை வெள்ளுடை போர்த்தே ஆலைக்குள் நுழைவர். குயவர் கோணிய பானையை மீண்டும் பிசைந்துகொள்ளலாம். சில்லில் ஏறிய பிழையை அழிக்க இயலுமோ?

இத்துணைச் செலவுமிக்க பொருளை மாணவனுக்குச் செய்து தருவது எங்ஙனம்? 1978ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாடம் நடத்திய லின் கான்வே என்னும் அம்மையார் இதற்கு வழி காட்டினார். மாணவர் பலர் வரைந்த படங்களை ஒன்றுசேர்த்துப் பொதுவாக ஆலைக்கு அனுப்பினார். ஊரார் பலர் கூடி ஒரே வண்டியை அமர்த்தி ஏகாதசிக்குத் திருவரங்கம் செல்வது போன்ற ஏற்பாடு இது. செலவு பங்கிடப்பட்டது, சில வாரங்களில் அவரவர் சில்லு அவரவர் கைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியரும் மாணவரும் ‘சக்தி’ என்னும் செயலியை வடிவமைத்தனர். அதன் வகைகளுள் ஒன்றான ‘ரிமோ’, 2018ஆம் ஆண்டில் சண்டிகரையடுத்த மொகாலியிலுள்ள அரசின் ஆலையில் உருவாயிற்று. அவ்வாலையின் நுட்ப அளவு 180 நானோமீட்டர். ஒரு மயிரிழையின் பருமனை ஏறத்தாழ நானூறு கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. உலகின் முன்னணி ஆலைகள் இதனினும் பன்மடங்கு நுண்ணிய அளவில் இயங்குகின்றன என்பது உண்மையே. எனினும், கற்பவனுக்கு இது போதும். பிழை எந்த அளவிலும் பிழைதானே! 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ என்னும் அரசுத் திட்டம் 85,000 பொறியாளரைப் பயிற்றும் நோக்கமுடையது. 17 கல்வி நிலையங்களின் மாணவர் வரைந்த 20 சில்லுகள் அதே மொகாலி ஆலையில் செய்யப்பட்டுவிட்டன என 2025ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது.

சில்லு திரும்பி வந்த பின்னரே உண்மைப் பாடம் தொடங்குகின்றது. மாணவன் அதனை மின்பலகையில் பொருத்தி, மின்னூட்டி, அலைகாட்டியை நோக்குகின்றான். திரையில் பிழையின்றி ஓடிய சுற்று ஈண்டு ஊமையாய் இருத்தலும் உண்டு. நீண்ட கம்பியொன்றில் குறிப்பலை சற்றே தாழ்த்து வந்திருக்கலாம், ஒரு மூலையில் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், வெப்பம் ஏறியிருக்கலாம். எது காரணம் என்பதை ஏடு சொல்லாது. அவன் ஒவ்வோர் இணைப்பாக அளந்து, வெப்பத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கின்றான். பல நாளுக்குப் பின் குறை அகப்படுகின்றது. அந்தக் கம்பியைச் சுருக்கிப் படத்தைத் திருத்தி, ஆலைக்குச் செல்லும் அடுத்த தொகுப்பில் சேர்க்கின்றான். மீண்டும் சில திங்கள் காத்திருக்கின்றான்.